மேற்குப் பார்த்த ஐந்தரை சென்ட் மனையில் ஆறு பேருக்கான வீடு: பெற்றோரின் அறையை எங்கே வைப்பது?

பொதிகைச்சாரல் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். தென்காசிக்கும் பாவூர்சத்திரத்துக்கும் நடுவே எங்களுக்கு ஐந்தரை சென்ட் மனை இருக்கிறது. வரும் தை மாதம் அதில் கடைக்கால் தோண்ட எண்ணியிருக்கிறோம். தெரு மேற்கில் இருக்கிறது. தெருவோரமாக வடக்கு தெற்கில் 40 அடி, உள்ளோட்டம் கிழக்கு மேற்கில் 60 அடி. வீட்டில் நாங்கள் ஆறு பேர்: 74 வயதான அப்பா, 68 வயதான அம்மா, நான், என் மனைவி, பத்தாம் வகுப்பில் படிக்கும் மகள், ஆறாம் வகுப்பில் படிக்கும் மகன்.

இப்போது நாங்கள் குடியிருப்பது தாத்தா கட்டிய வீடு. தார்சா (முன்திண்ணை), பட்டாசல் (கூடம்), அரங்குவீடு (உள்ளறை), அடுக்களை, புறவாசல் என்று ஒன்றன்பின் ஒன்றாக ஒரே நேர்க்கோட்டில் போகும் ஓட்டு வீடு அது. கழிப்பறை புறவாசலைத் தாண்டி, கிணற்றுக்கு அப்பால் இருக்கிறது. அப்பாவுக்கு இரண்டு முழங்கால்களும் தேய்ந்துவிட்டன. இரவில் இரண்டு மூன்று முறை எழுந்து, ஒரு கையில் டார்ச் விளக்கும் மறு கையில் சுவருமாக அவர் அவ்வளவு தூரம் நடந்து போய் வருவதை ஒவ்வொரு நாளும் பார்க்கிறேன். புது வீடு கட்ட வேண்டும் என்ற எண்ணம் வந்ததே அதனால்தான்.

எங்கள் பொறியாளர் முதல் வரைபடத்தைக் கொடுத்திருக்கிறார். தரைத்தளம் 30 அடிக்கு 42 அடி, அதாவது 1,260 சதுர அடி. மாடியில் ஏறத்தாழ 800 சதுர அடி. தென்மேற்கில், அதாவது கன்னிமூலையில், எனக்கும் மனைவிக்குமான பெரிய படுக்கையறையும் அதனுடன் இணைந்த குளியலறையும் இருக்கின்றன. தென்கிழக்கில் அடுக்களை. வடகிழக்கில் 10 அடிக்கு 10 அடியில் பெற்றோருக்கான அறை. ஈசானிய மூலையில் கழிப்பறை கூடாது என்று வாஸ்து பார்த்தவர் சொல்லிவிட்டதால் அந்த அறைக்கு இணைந்த குளியலறை இல்லை. பொதுக் குளியலறை வாயுமூலையில், வடமேற்கில் இருக்கிறது. மாடிப்படி வடபுறச் சுவரை ஒட்டி வீட்டுக்கு வெளியே ஏறுகிறது. மாடியில் பிள்ளைகளுக்கு இரண்டு அறைகள்.

வரைபடத்தில் பென்சிலை வைத்து அளந்து பார்த்தேன். அப்பாவின் கட்டிலிலிருந்து அந்தக் குளியலறைக் கதவு வரை 28 அடி. பழைய வீட்டில் அவர் நடக்கும் தூரத்தைவிடக் குறைவுதான் என்றாலும், இவ்வளவு பணம் செலவழித்துக் கட்டும் வீட்டிலும் அவர் இரவில் பட்டாசலை முழுவதும் கடந்து போகத்தான் வேண்டுமா என்று மனம் ஒப்பவில்லை.

ஆகவே என் முதல் கேள்வி பெற்றோரின் அறையைப் பற்றியது. அடுத்தது மாடிப்படி. பின்னாளில் மாடியை வாடகைக்கு விட வசதியாக வெளியே இருக்கட்டும் என்கிறார் பொறியாளர். மகள் இரவில் வெளிப்படி ஏறித் தன் அறைக்குப் போக வேண்டுமா என்று கேட்கிறாள் என் மனைவி. மூன்றாவதாக, அடுக்களையைப் பட்டாசலோடு சேர்த்துத் திறந்தபடி வைப்பதா, சுவர் வைத்து மூடுவதா என்பதிலும் வீட்டில் ஒருமித்த கருத்து இல்லை. வீடு கட்டிக் குடியேறி அனுபவப்பட்டவர்கள் வழிகாட்டினால் நன்றியுள்ளவனாக இருப்பேன்.


கொத்துக்கரண்டி எழுதியது:

தம்பி, வணக்கம். நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கட்டுமானத் துறையில் இருந்து ஓய்வுபெற்றவன். உங்கள் பகுதியின் காற்றையும் வெயிலையும் நன்றாக அறிந்தவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கன்னிமூலை அறை வீட்டுத் தலைவருக்கு உரியது என்பதுதானே வாஸ்து சொல்வது? உங்கள் வீட்டில் தலைவர் உங்கள் அப்பா. அந்த அறையை அவருக்கும் அம்மாவுக்கும் கொடுத்துவிட்டு நீங்களும் உங்கள் மனைவியும் மாடிக்குப் போய்விட்டால் உங்கள் முதல் கேள்வியில் பாதிக்கு விடை கிடைத்துவிடுகிறது. வாஸ்து பார்த்தவரும் மறுக்க இடமில்லை. பிள்ளைகளும் நீங்களும் ஒரே தளத்தில் இருப்பீர்கள். வடகிழக்கு அறை காலை வெளிச்சம் நன்றாக வரும் அறை. பகலில் பிள்ளைகள் படிக்கவும், விருந்தினர் வந்தால் தங்கவும், உங்களில் யாருக்காவது காய்ச்சல் கண்டால் கீழேயே படுக்கவும் அது பயன்படும்.

மீதிப் பாதி விடை மேற்குச் சுவரில் இருக்கிறது. உங்கள் ஊரில் ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்டு இறுதி வரை உச்சிவெயில் வடபக்கமாகச் சாய்ந்து விழும். மற்ற மாதங்களில் தென்பக்கமாக விழும். இந்த இரண்டையும் 2 அடி சன்ஷேடு ஓரளவு தடுத்துவிடும். மாலை வெயில் அப்படியன்று. நான்கு மணிக்கு மேல் சூரியன் தாழ்வாக நேர் எதிரே நிற்கும்போது, அதே 2 அடி சன்ஷேடு சன்னலின் மேல்பகுதியில் ஏறத்தாழ ஓரடியைத்தான் மறைக்கும். அதற்குக் கீழே வெயில் தடையில்லாமல் உள்ளே வரும். 9 அங்குலச் செங்கல் சுவர் மாலையில் வாங்கிய சூட்டை உடனே உள்ளே விடுவதில்லை. இரவு பத்து மணிக்கு மேல், நீங்கள் படுக்கும் நேரத்தில்தான் மெல்ல விடும். சித்திரை வைகாசியில் கன்னிமூலை அறைகள் புழுங்குவதற்கு இதுதான் காரணம்.

ஆனால் அதே மேற்கிலிருந்துதான் செங்கோட்டைக் கணவாய் வழியாக ஆனி, ஆடி மாதங்களில் உங்களுக்குக் காற்று வருகிறது. ஆலங்குளம், சுரண்டைப் பக்கத்துக் காற்றாலைகள் எல்லாம் அந்தக் காற்றை நம்பி நிற்பவைதாம். ஆகவே மேற்கை முழுவதும் அடைத்துவிடவும் கூடாது, சென்னையில் கடலைப் பார்த்து வைப்பதுபோல் ஆறடிக் கண்ணாடிச் சன்னல் வைக்கவும் கூடாது. அந்த அறையின் மேற்குச் சுவர் நெடுகிலும் 2 அடி ஆழத்துக்கு அலமாரி கட்டிவிடுங்கள். சூட்டை முதலில் அலமாரியும் அதிலுள்ள துணிமணிகளும் வாங்கிக்கொள்ளும். அலமாரியின் நடுவில் தலைக்கு மேல் உயரத்தில் மரக்கதவு போட்ட சிறு சன்னல் ஒன்று காற்றுக்குப் போதும். பெரிய சன்னலைத் தெற்குச் சுவரில் வையுங்கள்.

இனி அளவுகள். உங்கள் 30 அடிக்கு 42 அடியில், சுற்றிலும் 9 அங்குலச் சுவர் போக உள்ளே கிடைப்பது 28½ அடிக்கு 40½ அடி. வெளிச்சுவர் மட்டுமே ஏறத்தாழ 106 சதுர அடியை எடுத்துக்கொள்கிறது. வரைபடம் பார்க்கும்போது பலரும் இதை மறந்துவிட்டு, பின்னர் அறை சுருங்கிவிட்டதே என்று கொத்தனாரிடம் வருத்தப்படுவார்கள்.

தெற்கு ஓரமாக 11 அடி அகலத்துக்கு ஒரு பட்டையை ஒதுக்குங்கள். மேற்கிலிருந்து கிழக்காக அதில் பெற்றோரின் அறை 16 அடி, அவர்களுடைய குளியலறை 6 அடி, சாமான் அறை 6 அடி, அடுக்களை 11 அடி. கூட்டினால் 39 அடி. இடையில் வரும் மூன்று நாலரை அங்குலச் சுவர்களுக்கு ஓரடி ஒன்றரை அங்குலம் சேர்த்தால் 40 அடி ஒன்றரை அங்குலம். மீதி நாலரை அங்குலம் பூச்சுக்குப் போய்விடும். 16, 11, 6 ஆகிய மூன்றுமே மனையடி சாஸ்திரப்படி நல்ல அளவுகள்தாம். மனையடி பார்க்கும் குடும்பங்களில் 12 முதல் 15 வரை எந்த அடியும் ஆகாது என்று சொல்லி, 11 அடியிலிருந்து 16 அடிக்குத் தாவ வேண்டியிருப்பது எங்களுக்கு எப்போதும் இடையூறாக இருக்கும். இங்கே அலமாரிக்கு 2 அடி போய் நடமாட 14 அடிக்கு 11 அடி கிடைப்பதால் அந்த இடையூறே நன்மையாகிவிடுகிறது. குளியலறைக்கு 6 அடிக்கு 8 அடி போதும். அதற்கு முன்னால் மிஞ்சும் 3 அடியில் பட்டாசல் பக்கமாகக் கைகழுவும் தொட்டியை வைத்துக்கொள்ளலாம். அப்பாவின் கட்டிலிலிருந்து குளியலறைக் கதவு ஏழெட்டு அடிக்குள் வந்துவிடும்.

வடபாதியில் உங்களுக்கு 17 அடி அகலம் கிடைக்கும். மேற்கில் பத்தடிக்குப் பத்தடி தார்சா, அதன் வடபுறம் மாடிப்படி, நடுவில் 17 அடிக்கு 17 அடி பட்டாசல், கிழக்கில் 11 அடிக்கு 10 அடி அறை, அந்த அறைக்கும் அடுக்களைக்கும் நடுவே சாப்பாட்டு மேசை போட ஏழடிக்குச் சற்றுக் குறைவான இடம். தலைவாசலுக்கு நேராக இந்தச் சாப்பாட்டிடத்தின் கிழக்குச் சுவரில் புறவாசல் கதவை வையுங்கள். ஆடிக்காற்று தார்சாவில் நுழைந்து பட்டாசல் வழியாகப் புறவாசலில் வெளியேறும். உங்கள் தாத்தா வீட்டில் எல்லாக் கதவுகளும் ஒரே நேர்க்கோட்டில் இருப்பதும் இதற்காகத்தான். அந்த அறிவை நாம் கைவிடத் தேவையில்லை.

மாடிப்படியை உள்ளே வையுங்கள் என்பதே என் உறுதியான கருத்து. பதினாறு வயதுப் பெண் இரவில் வெளிப்படி ஏறித் தன் அறைக்குப் போவது சரியன்று என்று உங்கள் மனைவி நினைப்பது நியாயமானது. மழைநாளில் வெளிப்படி வழுக்கும் என்பதும் இருக்கிறது. தளத்துக்குத் தளம் 10½ அடி உயரம் என்றால் 126 அங்குலம். அதை 20 படிகளாகப் பிரித்தால் ஒரு படி 6.3 அங்குல உயரம். இடத்தை மிச்சப்படுத்த 7 அங்குலமாக உயர்த்தி 18 படிகளில் முடிக்கச் சிலர் யோசனை சொல்வார்கள். முழங்கால் வலி உள்ள வீட்டில் அதற்கு இணங்காதீர்கள். பத்துப் பத்தாக இரண்டு ஓட்டம், ஒவ்வொரு மிதியும் 10 அங்குலம், நடுவில் 3 அடி மேடை என்று கணக்கிட்டால் நீளம் 10½ அடி, அகலம் ஆறரை அடி. தார்சாவின் வடபுறம் இது சரியாகப் பொருந்தும். படியின் அடிவாசல் பட்டாசலுக்குள், தலைவாசலை ஒட்டி இருக்கட்டும். என்றைக்காவது மாடியை வாடகைக்கு விட நேர்ந்தால், பட்டாசலின் மேற்கு ஓரத்தில் 4 அடி தள்ளி ஒரு தடுப்புச் சுவர் எழுப்பினால் தலைவாசலும் படியும் பொதுவாகிவிடும். உங்கள் வீட்டுக்குத் தனிக்கதவு கிடைத்துவிடும். அந்தச் சுவருக்கு உரிய உத்தரத்தையும் தனி மின்மீட்டருக்கான குழாயையும் இப்போதே போட்டுவிடுங்கள். படியின் இரண்டாம் ஓட்டம் வடக்குச் சுவரை ஒட்டி மேலேறும்போது, அதன் உயரமான பகுதிக்குக் கீழே 3 அடிக்கு 5 அடியில், வெளிச்சுவரில் காற்றுவழியோடு விருந்தினருக்கான சிறு கழிப்பறை அடங்கும். செப்டிக் டேங்கையும் அதே வடமேற்கில், தெருவுக்கு அருகில் வைத்துவிட்டால் அள்ளும் வண்டியின் குழாய் வீட்டுக்குள் வர வேண்டியதில்லை. ஆழ்துளைக் கிணறு வடகிழக்கில் இருக்கட்டும். இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் கிடைக்கிறதோ அவ்வளவும் நல்லது.

அனுமதியைப் பற்றி ஒரு சொல். 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட வீடுகளுக்கு, 2024 ஜூலை முதல் தமிழ்நாட்டில் சுயசான்று அடிப்படையில் இணையவழியில் அனுமதி கிடைக்கிறது. உங்கள் மனை ஏறத்தாழ 2,400 சதுர அடி என்பதால் நீங்கள் அதற்குள் வருகிறீர்கள். அதற்காகப் பக்கவாட்டு இடைவெளிகளில் கை வைத்துவிடாதீர்கள். சுயசான்று என்றால் விதி மீறலுக்கும் நாமே கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்கிறோம் என்று பொருள். மழைநீர்ச் சேகரிப்பு 2003 முதல் மாநிலம் முழுவதும் கட்டாயம். அதற்கான குழிகளையும் குழாய்களையும் வரைபடத்திலேயே குறித்துவிடுங்கள், பூச்சு வேலை முடிந்தபின் நினைத்துக்கொள்ளாதீர்கள்.


வெள்ளைச்சாமந்தி எழுதியது:

ஐயா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். நான் ஸ்ரீரங்கத்தில் இருக்கிறேன். பெற்றோரின் அறையைப் பற்றி மட்டும், நாங்கள் பட்ட பாட்டிலிருந்து சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து மருத்துவமனையிலிருந்து சக்கர நாற்காலியில் வீட்டுக்கு அழைத்து வந்த அன்று, தலைவாசலில் நான்கு பேர் சேர்ந்து நாற்காலியோடு தூக்கி உள்ளே கொண்டுவந்தோம். படுக்கையறைக்குள் எப்படியோ நுழைத்துவிட்டோம். குளியலறை வாசலில் நாற்காலி நின்றுவிட்டது. இரண்டரை அடிக் கதவு என்றுதான் வீடு கட்டும்போது சொன்னார்கள். அந்த இரண்டரை அடி, நிலையின் வெளி அளவு. இருபுறமும் நிலைக்கட்டை இரண்டரை அங்குலம், இரண்டரை அங்குலம் போய், திறந்த கதவின் கனமும் போனால் உள்ளே மிஞ்சுவது 2 அடிக்கும் குறைவு. நாற்காலியின் அகலமோ 26 அங்குலம். விரற்கடை அளவு இடத்துக்காக அப்பா அந்த வாசலில் உட்கார்ந்து என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. மறுவாரம் நிலையைப் பெயர்த்தோம். சுவரும் டைல்ஸும் உடைந்து, வீடு முழுவதும் சிமெண்டுத் தூசி படிந்து, இருமிக்கொண்டே அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகவே சகோதரரே, பெற்றோரின் அறைக்கும் குளியலறைக்கும் நிலையின் உள் அளவே 3 அடி இருக்கும்படி தச்சரிடம் எழுதிக் கொடுங்கள். குளியலறைக் கதவு வெளிப்பக்கமாகத் திறக்கட்டும். உள்ளே யாராவது விழுந்துவிட்டால் உட்பக்கம் திறக்கும் கதவைத் தள்ளித் திறக்க முடியாது. குளியலறை வாசலில் தண்ணீர் வெளியே வராமல் தடுக்க ஒரு கல் பதிப்பார்கள். அதை வைக்க விடாதீர்கள். குளிக்கும் பகுதியை உள்ளே தள்ளி, தரைச் சரிவை அந்தப் பக்கமாகக் கொடுத்தால் கல்லே தேவைப்படாது. சக்கர நாற்காலி திரும்ப 5 அடி விட்டம் வேண்டும் என்பதால், 6 அடிக்கு 8 அடியில் பொருள்களைச் சுவரோரமாக ஒதுக்கி வைக்க வேண்டியிருக்கும். கழிப்பறை இருக்கையின் பக்கச் சுவரை மட்டும் கைப்பிடிக் கம்பி தாங்கும்படி கெட்டியாகக் கட்டச் சொல்லுங்கள். கம்பியைப் பிறகு பொருத்திக்கொள்ளலாம். சுவரைப் பிறகு மாற்றுவது கடினம்.

இன்னொன்று தலைவாசல் படி. தெருவிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் பேஸ்மட்டம் (வீட்டின் தரைமட்டம்) வைப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஓரடி ஏற 12 அடி நீளம் என்பது சரிவுப்பாதைக்கான கணக்கு. இரண்டரை அடிக்கு 30 அடி வேண்டும். முன்முற்றத்தை அரை அடி உயர்த்திக்கொண்டால் 24 அடியில் முடிந்துவிடும். தெற்கில் மூன்றரை அடி விட்டு, வடபுறத்தில் ஆறரை அடி விட்டால், அந்த வடபுறச் சந்து வழியாகச் சரிவுப்பாதை ஏறிப் பட்டாசலின் வடக்குச் சுவரில் ஒரு பக்கக்கதவில் முடியலாம். விதிக்கு உட்பட்டதுதானா என்று உங்கள் பொறியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இப்போதே கட்ட வேண்டும் என்றுகூட நான் சொல்லவில்லை. அந்த இடத்தில் தண்ணீர்த் தொட்டியையும் துணி துவைக்கும் கல்லையும் வைத்து அடைத்துவிடாமல், பக்கக்கதவுக்கு மேல் வரும் லிண்டலை (உத்தரத்தை) மட்டும் போட்டு வையுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கடைக்கால் தோண்டுவதற்கு முன் மனையைச் சுத்தம் செய்து, சுண்ணாம்புத்தூளால் அறைகளை முழு அளவில் தரையில் கோடு போட்டுப் பாருங்கள். கட்டில் இருக்கும் இடத்தில் ஒரு கட்டிலையே கொண்டுபோய்ப் போடுங்கள். அம்மாவையும் அப்பாவையும் அதில் நடக்கச் சொல்லுங்கள். காகிதத்தில் எங்கள் யாருக்கும் தெரியாமல் போனது அந்தத் தரையில் தெரிந்திருக்கும்.


நீலாங்கரையான் எழுதியது:

அடுக்களையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நான் சென்னையில் கடலோரமாக இருப்பவன். தென்கிழக்கில் அடுக்களை வைத்து, பட்டாசலோடு சேர்த்துத் திறந்தபடி விட்டோம். எங்களுக்குப் பிற்பகலில் கடற்காற்று வருவது தென்கிழக்கிலிருந்து. மீன் வறுத்தாலும் மிளகாய் தாளித்தாலும் அந்த நெடியைக் காற்று வீடு முழுவதும் கொண்டுவந்து சேர்க்கிறது. புகை உறிஞ்சும் இயந்திரம் போட்டும் முழுமையாகத் தீரவில்லை. இறுதியில் கண்ணாடிக் கதவு வைத்து மூடிவிட்டோம்.

உங்கள் ஊரில் காற்று மேற்கிலிருந்து வருவதால், கிழக்கோரத்து அடுக்களையிலிருந்து புகை தானாகவே வெளியே போய்விடும். அந்த வகையில் நீங்கள் எங்களைவிடக் கொடுத்து வைத்தவர்கள். இருந்தாலும் முழுவதும் திறந்துவிடாமல், சாப்பாட்டிடத்தைப் பார்த்த சுவரில் மட்டும் நான்கடி அகலத்துக்குப் பரிமாறும் திறப்பு ஒன்றை வைத்தால் போதும் என்பது என் எண்ணம். மாவரைக்கும் கிரைண்டரின் சத்தமும் கழுவாத பாத்திரங்களும் பட்டாசலுக்கு வராமல் இருப்பதே நல்லது. ஆறு பேர் சமையலில் பாத்திரம் சேரத்தான் செய்யும்.

மொட்டைமாடியையும் மறந்துவிடாதீர்கள். 3 கிலோவாட் சூரிய மின்தகடுகளுக்கு ஏறத்தாழ 300 சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும்; 2024-இல் தொடங்கிய ஒன்றிய அரசின் திட்டத்தில் அதற்கு 78,000 ரூபாய் மானியம் இருக்கிறது. தண்ணீர்த் தொட்டியைக் கன்னிமூலையில் உயர்த்திக் கட்டினால் பிற்பகலில் அதன் நிழல் கிழக்குப் பக்கமாக விழும். தகடுகளை அந்த நிழல் தொடாத பக்கமாக இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.


பொதிகைச்சாரல் எழுதியது:

உங்கள் அனைவருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. ஐயா கொடுத்த அளவுகளைப் பொறியாளரிடம் காட்டினேன். சிறு மாற்றங்களோடு ஏற்றுக்கொண்டு புதிதாக வரைந்து தந்தார். வாஸ்து பார்த்தவரும் தலைமகனுக்குத் தந்தையே மூத்தவர் என்று சொல்லி ஒப்புக்கொண்டார்.

சாமந்தி அக்கா சொன்னபடி கடந்த ஞாயிற்றுக்கிழமை மனையில் முள்செடிகளை வெட்டி அப்புறப்படுத்தி, கயிறு கட்டி, சுண்ணாம்புத்தூளால் கோடு போட்டோம். கதவுகள் வரும் இடத்தில் கோட்டை விட்டுவிட்டோம். ஒரு கட்டிலையும் இரண்டு நாற்காலிகளையும் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனோம். அப்பா தம் அறையில் கட்டிலில் உட்கார்ந்து, எழுந்து, குளியலறைக் கோடு வரை நடந்து திரும்பி வந்தார். ஒன்பது தப்படி. திரும்பவும் ஒருமுறை நடந்து பார்த்தார். பிறகு, "தெற்குச் சன்னல் கட்டிலில் படுத்தபடியே வெளியே தெரிகிற மாதிரி தாழ்வாக இருக்கட்டும்" என்று ஒன்றே ஒன்று கேட்டார். சன்னலின் அடிமட்டத்தை மூன்று அடியிலிருந்து இரண்டு அடிக்குக் குறைத்து, கம்பியை நெருக்கமாகப் போடச் சொல்லியிருக்கிறேன்.

அம்மா நேராக அடுக்களைக் கோட்டுக்குள் போய், அடுப்பு இருக்கும் இடத்தில் கிழக்கு நோக்கி நின்றார். தலைவாசலில் யார் வந்தாலும் அங்கிருந்து தெரியாது என்றார். பழைய வீட்டில் அடுக்களையிலிருந்தே தார்சாவில் யார் செருப்பைக் கழற்றுகிறார்கள் என்று பார்த்துவிடுவார். இதை நாங்கள் யாருமே யோசித்திருக்கவில்லை. அடுப்பைக் கிழக்குச் சுவரிலேயே விட்டு, காய் நறுக்கும் மேடையைப் பரிமாறும் திறப்புக்குக் கீழே, சாப்பாட்டிடத்தின் பக்கமாக மாற்றினோம். அங்கே நின்று இடப்பக்கம் தலையைத் திருப்பினால் பட்டாசலும் தலைவாசலும் தெரிகின்றன. நாளின் பெரும்பகுதி அங்கேதானே நிற்கப்போகிறேன் என்று அம்மாவும் ஒத்துக்கொண்டார்.

மாடிப்படி உள்ளேதான் என்று முடிவாகிவிட்டது. மகள் தன் அறையின் கோட்டைக் கீழே போட முடியவில்லையே என்று வருந்தினாள். பட்டாசல் கோட்டுக்குள்ளேயே அவளுக்கும் அளந்து காட்டினோம்.

ஒரு கேள்வி மட்டும் மிஞ்சியிருக்கிறது. அம்மா 4 அடி 10 அங்குல உயரம், என் மனைவி 5 அடி 5 அங்குலம். அடுக்களை மேடையை யாருடைய உயரத்துக்கு வைப்பது? இப்போது சமைப்பது பெரும்பாலும் அம்மாதான். இன்னும் பத்து ஆண்டுகளில் அது மாறிவிடும்.


வெள்ளைச்சாமந்தி எழுதியது:

அப்பா ஒன்பது தப்படி நடந்தார் என்று படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. நல்ல வேலை செய்திருக்கிறீர்கள்.

மேடையை ஒரே உயரத்தில் வைக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. முழங்கையை மடக்கி நிற்கும்போது முழங்கைக்கு நான்கிலிருந்து ஆறு அங்குலம் தாழ்வாக மேடை இருந்தால் நறுக்குவதற்குத் தோள் வலிக்காது. அம்மாவை வெறுங்காலோடு நிற்க வைத்து அளந்து பாருங்கள். அவர்களுக்கு 30 அங்குலத்தை ஒட்டியும், உங்கள் மனைவிக்கு 34 அங்குலத்தை ஒட்டியும் வரும் என்று நினைக்கிறேன். அடுப்பு இருக்கும் பகுதியை அம்மாவின் அளவுக்குத் தாழ்த்திவிடுங்கள். அடுப்பின் உயரமும் அதன்மேல் குக்கரின் உயரமும் சேர்வதால், உயரமானவர்களுக்கும் தாழ்வான அடுப்பு மேடை தொந்தரவு தராது. பாத்திரம் கழுவும் தொட்டி இருக்கும் பகுதியை உங்கள் மனைவியின் அளவுக்கு உயர்த்துங்கள். தொட்டிக்குள் கை ஆழமாகப் போவதால் அங்கே தாழ்வாக இருந்தால் இடுப்புதான் ஒடியும். நறுக்கும் மேடையை 32 அங்குலத்தில் வைத்து, அதன் கீழே அலமாரி கட்டாமல் ஓரிடத்தில் மட்டும் கால் நீட்டும்படி காலியாக விடுங்கள். அம்மாவுக்கு நிற்க முடியாத நாளில் உயரமான முக்காலி ஒன்றைப் போட்டு, அங்கேயே உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டு கீரை ஆய்ந்துகொள்வார்கள்.